விளிம்பில் ஒரு புள்ளி

அன்றைய படம் வந்தபோது கூடத்தில் இருந்தவர்கள் மூவர்: சூரியனின் ஒளிவளையத்தைப் படமெடுக்கும் விண்தொலைநோக்கியை வடிவமைத்த அழகியநம்பி, அவர் மனைவி கோமதி, மாப்பிள்ளை கதிரேசன். மகள் செண்பகம் இருந்தது படத்துக்குள்.

சூரியனை மறைக்கும் கரிய தகட்டைத் தொலைநோக்கிக்கு முன்னால் தனிக் கலமாகப் பறக்கவிட்டதும், தகட்டின் விளிம்பைக் கவனிக்க அதன் நிழலிலேயே ஓர் ஆள் தங்க வேண்டும் என்றதும் அழகியநம்பிதான். அந்த ஆளாகச் செண்பகம் அங்கே போய் இரண்டு வருடம். எழுத்து வரும், முகம் வராது. தினமும் வரும் படத்தில் வெள்ளிக் கதிர்கள் பிரமாதமாக விரியும். கோமதி நடுவிலுள்ள கறுப்பை மட்டுமே பார்ப்பாள்.

“ஒரே ஒரு தடவை கையை வெளியே நீட்டச் சொல்லுங்களேன். வெயில் பட்டுப் புள்ளியாவது தெரியும்ல?”

“பைத்தியமா உனக்கு? அந்த விளிம்புல என் பேர் இருக்கு. மாசு விழுந்தா ஆய்வுக்கூடமே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும் மாமா,” என்றான் கதிரேசன். “கல்யாணமாகி அவளோட இருந்ததே பதினோரு நாள்தான்.”

அழகியநம்பி எழுந்து போனார். மகளுக்கு அனுப்பும் அன்றாட வேலைக் குறிப்பின் அடியில் ஒரு வரி சேர்த்தார்: ‘நாளை பத்து மணிப் படத்துக்கு வலக்கையை நீட்டு. அம்மா பார்க்க வேண்டுமாம்.’

மறுநாள் விளிம்பில் குண்டூசித் தலையளவு வெளிச்சம் இருந்தது. கோமதி அதன்மேல் வைத்த விரலை எடுக்கவில்லை.

“கொஞ்சம் நகரு. எனக்குத் தெரியலை,” என்றார் அழகியநம்பி.

அழகியநம்பி விளிம்பில் பிசிறு விட்டுவிட்டார் என்று ஆய்வுக்கூடத்தில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். விளிம்பில் பிசிறு இல்லை. அது அவர் மகளின் கை.