பிடரி முடிச்சு

கிரீடத்தின் உட்புறம் ஈரமாக இருந்தது.

யாருடைய வியர்வையோ. காலையில் படம் எடுத்துக்கொண்டு போன ராணியுடையதாக இருக்கலாம். அவளுக்கு முந்தினவளுடையதாகவும் இருக்கலாம்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு தலையைக் கொடுத்தாள்.

உடுப்பு மாட்டிவிடும் அக்கா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ராணி உடுப்புக்கு முன்பக்கம் மட்டும்தான். சரிகை, பாசிமணி, கண்ணாடிச் சில்லு எல்லாம் முன்னால். முதுகில் ஒன்றும் கிடையாது. நாடாக்கள். சுடிதாருக்கு மேலேயே கட்டிவிடலாம். எந்த உடம்புக்கும் பொருந்தும்.

இடுப்பில் ஒன்று. முதுகில் ஒன்று. கூந்தலை ஒதுக்கி, பிடரியில் ஒன்று.

"மூணு முடிச்சு போட்டாச்சு தாயி. இனிமே அசையாது."

"யக்கா, அது சாரு பாக்க வேண்டிய வேலை" என்றான் படம் எடுக்க வந்தவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வியாழக்கிழமை கல்யாணம். அதற்குள் அரண்மனை மகாலில் ராஜா ராணியாகப் படம் எடுத்துவிட வேண்டும் என்பது அவளைக் கட்டப்போகிறவனுடைய ஆசை. மண்டப வாசலில், பெரிய திரையில், ஓடிக்கொண்டே இருக்குமாம்.

போன வாரம் ஓட்டலில், பரிமாறுகிற பெரியவரை அவன் விரல் சொடுக்கிக் கூப்பிட்டான். வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

"பத்திரிகை வச்சாச்சு. இதெல்லாம் ஒரு கொறையாடி?" என்றாள் அம்மா.

தூண்கள் உயர்ந்துகொண்டே போயின. பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்தபோது, இந்தத் தூண்களுக்கு மேலே வேறொரு ஊர் இருக்கிறதென்று நம்பியிருந்தாள். அங்கே யாரும் கத்திப் பேசமாட்டார்கள் என்றும்.

இன்று கண் மேலே போகவில்லை.

கை எட்டும் உயரம்வரை சுண்ணாம்பைச் சுரண்டிப் பெயர்கள் எழுதியிருந்தார்கள். இதயங்கள். அம்புகள். அவற்றின் மேல் புறா எச்சம் வழிந்து காய்ந்திருந்தது.

அவன் அட்டைச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தான். ஒட்டுமீசை. தோளில் பட்டு. சாப்பாட்டுக்குப் பிறகு போட்ட பீடா இன்னும் ஒரு கன்னத்தில் இருந்தது.

"ராஜாவுக்கு ஏகப்பட்ட ராணியாம்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணு. பாவம்ல நானு?"

காலை நீட்டினான். அக்கா தரையில் உட்கார்ந்து, மூக்கு வளைந்த செருப்பை மாட்டிவிட்டாள். மாட்டி முடித்த பிறகும் அவன் காலை எடுக்கவில்லை. அக்காவின் மடியிலேயே வைத்திருந்தான்.

"இதயே ஒண்ணு எடுங்க பாஸ். செமயா இருக்கும்."

எடுத்தார்கள்.

"ஏம்மா, அந்த பித்தளச் சாமான் என்னது?"

"படிக்கம் தம்பி. வெத்தல போட்டா ராசா இதுலதான் துப்புவாரு. இது சும்மா, காட்சிக்கு."

"எடு. பக்கத்துல நின்னு ஏந்திப் பிடி."

அக்கா எழுந்து, இரண்டு கையாலும் ஏந்தினாள். காட்சிக்கு.

அவன் கன்னம் உப்பியது.

துப்பினான்.

நிஜமாகவே.

சிவப்பாக, கெட்டியாக, அறுபடாத எச்சில் நூலோடு. பாதி படிக்கத்தில் விழுந்தது. பாதி அக்காவின் விரல்களில்.

அவன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு இவளைப் பார்த்தான். பரிசு வாங்கிவந்த பிள்ளை வீட்டில் பார்க்கிற பார்வை. ஒட்டுமீசையின் ஓரத்தில் ஒரு பாக்குத் துணுக்கு.

அவள் அந்தத் துணுக்கையே பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இந்த வாய். வியாழக்கிழமையிலிருந்து.

அக்கா படிக்கத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். முகத்தில் அதே சிரிப்பு.

அந்தச் சிரிப்பை இவளுக்குத் தெரியும். அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோன பிறகு, அம்மா அந்தச் சிரிப்போடுதான் தரையைத் துடைப்பாள்.

"மேடம், கொஞ்சம் வெக்கப்படுங்க" என்றான் படம் எடுப்பவன்.

அவள் வெட்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"வா, வா. இந்தப் படியில உக்காரு. என் கால்கிட்ட."

அவள் உட்காரவில்லை. கிரீடத்தைக் கழற்றிச் சிம்மாசனத்துப் படியில் வைத்தாள். தூணைச் சுற்றிக்கொண்டு அதன் பின்பக்கம் போனாள். அங்கே புறா நாற்றம் இன்னும் கூடுதலாக இருந்தது.

அக்கா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"என்ன தாயி? மயக்கமா வருதா?"

"அவுத்துவிடுங்கக்கா."

"இன்னும் ஜோடிப் படமே எடுக்கலையே."

"அவுத்துவிடுங்க."

"கையெல்லாம் எச்சியா இருக்கு கண்ணு. ஒன் மேல பட்ரும். கழுவிட்டு வந்துர்றேன்."

"பட்டாப் படட்டும்."

இடுப்பு முடிச்சு இழுத்ததும் வந்துவிட்டது. முதுகு முடிச்சும்.

"ராணீ!" தூணுக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல். "என்ன பண்ற அங்க? வெளிச்சம் போகுதுல்ல?"

புறாக்கள் ஒருமுறை படபடத்து அடங்கின.

பிடரி முடிச்சு இறுகியிருந்தது. அக்காவின் பிசுபிசுத்த விரல்கள் கழுத்தில் நாடாவின் நுனியைத் தேடின. கிடைத்ததும் நின்றன.

"அவுத்துருவேன்" என்றாள் அக்கா. அவள் குரல் இப்போது தணிந்திருந்தது. "திரும்பக் கட்டிவிடச் சொல்லி வரக்கூடாது."

அவள் கூந்தலைத் தானே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.