கடலுக்குத் திரும்பாத ஒன்று

மன்னார் வளைகுடாவில் மீன் எண்ணும் அந்தப் படகின் சோனார், ஒவ்வொரு மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பையிலும் ஒலியை மோதவிட்டு, சாளை எத்தனை, சீலா எத்தனை என்று தனித்தனியாகச் சொல்லிவிடும். சந்தேகம் வந்தால் வலையை இறக்குவார்கள். வலை நோகாமல் அள்ளிவந்து காட்டிவிட்டு, மீனை உயிரோடு கடலிலேயே விட்டுவிடும். கருவியைக் கவனிக்கும் தெல்மாவுக்கு அதன்மேல் கொள்ளைப் பெருமை.

அன்று திரையில் புதிதாக ஒன்று தெரிந்தது. இனம் தெரியவில்லை, காற்றுப்பை இரண்டு.

“ரெண்டா? எந்த மீனுக்கு அண்ணே ரெண்டு இருக்கு?” என்று படகோட்டி கஸ்பாரிடம் கேட்டாள். கேட்டு வாய் மூடுவதற்குள் அவளுக்கே உறைத்துவிட்டது. “ஐயோ, அது நுரையீரல்! மனுசன் அண்ணே! வலைய எறக்குங்க!”

வலை அள்ளிவந்தது, சங்கு குளிக்கப் போன இடத்தில் காலில் தசை பிடித்துக்கொண்டு மூழ்கிய நசுருதீனை. கஸ்பார் முதுகில் தட்டத் தட்ட, அவன் தண்ணீரைக் கக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

“அள்ளியதில் ஒன்று இன்னும் கடலில் விடப்படவில்லை” என்று கருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

நசுருதீன் இருமலுக்கு நடுவே சிரித்தான். “அதுட்ட சொல்லுங்க அக்கா, நாளைக்கு நானே வந்துருதேன்னு.”