நடு நாற்காலி

கெய்ரோவில் இசையைக் கேட்க வேண்டிய முறையில் கேட்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்: பல் டாக்டர் வஜீஹ்.

இதைச் சொன்னவரும் டாக்டர் வஜீஹ்தான்.

பாட்டுக்கும் படத்துக்கும் என்று வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, சுவரெங்கும் பஞ்சு திணித்த பலகை பதித்திருந்தார். ஆளுயரத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிகள். அலெக்சாண்டிரியாவிலிருந்து வந்த பொறியாளர் நூல் பிடித்து அளந்து, இரண்டின் ஒலியும் ஒன்றுசேரும் புள்ளியில் ஒரு நாற்காலியைத் தரையோடு சேர்த்து முடுக்கினார். ஒரு விரற்கடை தள்ளி உட்கார்ந்தாலும் அது இசையே இல்லையாம்.

ஒரே நாற்காலி. தவறு அங்கேதான்.

வீட்டுக்கு வந்தவரை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு நல்ல இடத்தில் தான் உட்காருகிற மனிதர் கெய்ரோவில் இன்னும் பிறக்கவில்லை.

பொறியாளர் கருவிகளை எடுத்து வைக்கும் முன்பே முதல் விருந்தாளி மணியடித்துவிட்டார். அன்றிலிருந்து பகலில் கிளினிக், மாலையிலிருந்து நள்ளிரவு வரை விருந்தாளி, வெள்ளிக்கிழமை மனைவி நெவீனின் உறவு மொத்தமும். எல்லோரையும் நாற்காலியில் அமர்த்தி, தேநீர் கொடுத்து, வலதுபக்க ஒலிபெருக்கியை ஒட்டிய முக்காலியில் டாக்டர் ஒடுங்கிக்கொள்வார். வந்தவர்கள் கண்ணை மூடி, 'அல்லாஹ்' என்று உருகுவார்கள். அவருக்கு வயிறு எரியும்.

எட்டு மாதம். அந்த நாற்காலியில் அவர் ஒருமுறைகூட உட்காரவில்லை.

இன்று நாற்காலியில் மாமனார் ஹாஜி தசூக்கி. மூன்று மணியிலிருந்து அசையவில்லை. டாக்டர் கால்மேல் கால் போட்டார், எடுத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஆறிப்போன தேநீரை ஊதிக் குடித்தார்.

கடைசியில், நாலாவது தேநீர் தன் வேலையைக் காட்டியது. ஹாஜி எழுந்து கழிவறைக்குப் போனார்.

தன் சொந்த நாற்காலியில் டாக்டர் திருடனைப் போல் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

ஓடிக்கொண்டிருந்த பாட்டில், பாடகி நேர் எதிரே நடுவில் நின்று பாடுவதுபோல் கேட்க வேண்டும். அவளோ வலது மூலையிலேயே நின்று பாடினாள். பின்னால் இருந்த முப்பது வயலின்களும் அங்கேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

டாக்டர் காதைக் குடைந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் இடதுபக்க ஒலிபெருக்கியில் காதை வைத்தார். மூச்சே இல்லை.

ஈரக் கையைத் துடைத்தபடி ஹாஜி வாசலில் நின்றிருந்தார்.

"எனக்கு முதல் நாளே தெரியும், மாப்ள. எங்க ஆளுங்க எல்லாருக்குமே தெரியும். கூப்பிட்டு உக்காரவச்சு டீ குடுக்கிறவர்கிட்ட போய் குறை சொல்றதா?"

இடதுபக்க ஒலிபெருக்கியின் கம்பி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல், அதன் பின்னால் சுருண்டு கிடந்தது.