வெட்டி எடுத்த திண்ணனூர்

அமலோற்பவம் கதவைத் திறந்ததும் கலைமணி கீபோர்டிலிருந்து சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். அது ஒன்று போதாதா? அமலோற்பவம் விறுவிறுவென்று திரைக்கு முன்னால் வந்தாள்.

"என்ன கலை, என் கணக்குல என்ன பண்ணிட்டிருக்கே?"

"ஒண்ணுமில்லீங்க அக்கா. உங்க அடுக்குல இருந்து எங்க ஊரு திண்ணனூர் எண்களை மட்டும் வெட்டி ஒரு பேரு வச்சிருக்கேனுங்க. தனியா காப்பியெல்லாம் எடுக்கலீங்க."

கொல்லிமலையின் மிளகு விளைச்சலை முன்கூட்டியே கணிக்கும் அலுவலகம் அது. பொறுப்பாளர் அமலோற்பவம், உதவியாளர் கலைமணி, இருவருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். எல்லா ஊர்களின் எண்களையும் அமலோற்பவம் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில், அதன் கணக்குத் தொகுப்பான நம்பையின் அடுக்காகப் போட்டு, அதற்கு 'மலை' என்று பெயர் வைத்திருந்தாள்.

நாமக்கல் தலைமை அலுவலகத்தில் ஒரே ஓர் இடம் காலி. இன்று மேலதிகாரி பாலசுப்பிரமணியம் சார் அங்கிருந்து வந்து, இருவரில் யார் கணக்கு உருப்படியோ அவருக்கு அதைக் கொடுப்பார். அமலோற்பவத்தின் கணவன் இமானுவேலும், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளும் நாமக்கல்லில்தான் இருந்தார்கள். அந்தக் குழந்தை போன வாரம் பக்கத்து வீட்டில், "எங்கம்மா ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வருவாங்க" என்று சொல்லியிருந்தது.

கலைமணிக்கு இந்தக் கவலை உண்டா? சொந்த ஊரிலேயே சம்பளம், வீட்டுச் சாப்பாடு. ஆனாலும் சார் போனில் கூப்பிட்டால் கேட்பது அவளைத்தான். பஸ் டிரைவர் நடுவழியில் நிறுத்தி ஏற்றிக்கொள்வது அவளைத்தான். பேளுக்குறிச்சிச் சந்தையில்கூட "வா கண்ணு" என்று அவளுக்குத்தான் ஒரு கை சீரகம் கூடப் போடுவார்கள். இதில் நாமக்கல் வேலையும் அவளுக்கே போக வேண்டுமா?

கலைமணி சாப்பிடப் போனாள். அமலோற்பவம் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் 'திண்ணனூர்' திறந்தபடியே கிடந்தது.

வெட்டி எடுத்தால் துண்டு தனி, மிச்சம் தனி. பைத்தானின் சாதாரணப் பட்டியலில் அப்படித்தான் நடக்கும், அமலோற்பவம் படித்ததும் அதைத்தான். திண்ணனூர் எண்களை எல்லாம் பத்தால் பெருக்கச் சொல்லி ஒரே ஒரு வரி எழுதினாள். ஓட்டினாள், பிறகு அந்த வரியை அழித்தாள்.

"இப்பக் காட்டு உன் சாமர்த்தியத்தை" என்று முணுமுணுத்தபோது அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அது கிறிஸ்துமஸுக்குக்கூட வந்ததில்லை.

மலைப்பாதை வளைவுகளில் வந்த தலைச்சுற்றலுக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே பாலசுப்பிரமணியம் உள்ளே வந்தார்.

"சார், முதல்ல கலைமணி காட்டட்டும். சின்னப் பொண்ணு, ஆசையா இருப்பா" என்றாள் அமலோற்பவம், ரொம்பப் பெருந்தன்மையாக.

"நான் காட்ட ஒண்ணுமில்லீங்க சார். அக்காவோடதை ஓட்டிப் பாருங்க" என்றாள் கலைமணி.

பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே அமலோற்பவம் தன் 'மலை'யை ஓட்டினாள்.

பாலசுப்பிரமணியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஏம்மா, மத்த ஊரெல்லாம் சேர்த்தாலும் திண்ணனூர் ஒண்ணுக்கு ஈடாகல போலிருக்கே. அங்க மிளகு கொடியில காய்க்குதா, மழையா பெய்யுதா?"

அமலோற்பவம் திரையை விரலால் காட்டினாள். "சார், அது கலைமணியோட..."

"கணக்குல உன் பேருதானே போட்டிருக்கு? இதைத் திருப்பிக்கூடப் பார்க்காம என் முன்னாடி ஓட்டுறே. இன்னும் ஒரு வருஷம் இங்கயே இரும்மா, அந்த இடத்துக்கு நான் வெளியில ஆள் பார்த்துக்கிறேன்."

கலைமணி "சார், ஒரு நிமிஷமுங்க" என்று வாசல் வரை ஓடினாள். அதற்குள் அவருடைய ஜீப் கிளம்பிவிட்டது. திரும்பி வந்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்படீங்க அக்கா? திண்ணனூர்ல சில எண்ணு தப்பா இருந்துச்சுன்னு காலையில நான்தானே உக்காந்து உங்களுக்குத் திருத்தி வச்சேன்."

"நீ திருத்தினது உன் துண்டுலதானே?"

"நம்பையில துண்டு தனியா வராதுங்க. காப்பி எடுத்தாத்தான் தனி. வெட்டினதுல கைவச்சா உங்க 'மலை'யிலயும்தான் மாறும்."

இன்னும் ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். அமலோற்பவத்துக்கு அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து அழுகையாக வந்தது.

"எனக்காக நீ எதுக்குடி திருத்தின?"

கலைமணியும் அழுதுகொண்டிருந்தாள்.

"நீங்க கீழ நாமக்கல்லுக்குப் போனாத்தானுங்க அக்கா, இங்க உங்க பொறுப்பு எனக்கு."