வெள்ளைக் காரின் ஃபேன்

அக்கா தாய்லாந்தின் கோராட் நகரில் கார் வாங்கி ஒரு மாதமாகிறது. தம்பி நொப்படொன் அதைப் பார்த்ததில்லை. அவளுடைய வாடகை வீட்டு முற்றத்திலோ ஒரே மாடலில் இரண்டு கார்கள். போன் போட்டான்.

"அக்கா, ரேடியேட்டர் ஃபேன் சுத்தலைன்னியே, எந்தக் கார்?"

"வெள்ளைக் கார்டா. பூட்டலை. நான் வர்றதுக்குள்ள மாத்திடு."

வெயிலில் வெந்து, விரலைக் கிழித்துக்கொண்டு, பழையதைக் கழற்றிப் புதிய ஃபேனை மாட்டி முடித்தான். அக்கா வந்ததும் அலறினாள்.

"பாவி! வீட்டு ஓனர் சார்ஜென்ட் காரை ஏன்டா பிரிச்ச?"

"நீதானே வெள்ளைன்னே?"

காதைப் பிடித்து இழுத்துப்போய், பக்கத்திலிருந்த கறுப்புக் காரின் பின்புறத்தைக் காட்டினாள். பெரிய ஸ்டிக்கர்: 'இந்தக் கார் வெள்ளை நிறம்.'

"எனக்கு வெள்ளைதான் ராசின்னு ஜோசியர் ஒட்டச் சொன்னாரு. அப்புறம் நானே கறுப்புன்னு சொன்னா ராசி நிக்குமாடா?"