லேஸ் வைத்த அல்லி

"அல்லி வளர்க்க ஆரம்பிச்சது எந்த வருஷம்னு கேட்டா எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு மேடம். நான் ஒண்ணு சொல்வேன், அது தப்பா இருக்கும்" என்றார் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்.

"நம்ம பொண்ணு கணக்குல கோட்டை விட்டாளே, அந்த வருஷம்" என்றாள் அவர் மனைவி. "அவளுக்கு டியூஷன் வைங்கன்னு சொன்னேன். இவர் தொட்டி வாங்கிட்டு வந்தார்."

அல்லி வளர்ப்போர் சங்கத்திலிருந்து வந்திருந்த அம்மாள் சிரிக்கவில்லை. தாவரவியல் படித்தவர். புதிய ரகம் என்று யார் சொன்னாலும் நேரில் வந்து பார்த்து, அவர் தலையசைத்தால்தான் பதிவாகும். பதிவாகிவிட்டால் பெயர் சூட்டும் உரிமை வளர்த்தவருக்கு.

பெயரைப் பேராசிரியர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். மனைவியின் பெயர். மொட்டைமாடி முழுக்கத் தொட்டிகளை அடுக்கி, துணி காயப்போடக்கூட இடமில்லாமல் செய்து, தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற ஆளில்லை என்று விடுமுறைக்கு எங்கும் அழைத்துப் போகாமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்து ஒரே பரிகாரமாக அவர் கொடுத்திருந்த வாக்கு அது. அவளும் அதை நம்பித் தங்கைகள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். இன்று கல்யாணத்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு மாடியேறி வந்து நிற்கிறாள்.

"நீங்க ஜுவாலஜி ஆச்சே. பூப் பக்கம் எப்படி வந்தீங்க?"

"காலமெல்லாம் பூச்சியப் பத்திப் பாடம் நடத்தினேன் மேடம். வகுப்புல கண்ணத் தெறந்து வெச்சுக்கிட்டுக் கேட்டதெல்லாம் பாட்டில்ல இருந்த தவளைங்க மட்டும்தான். நம்மளப் பார்த்ததும் தூங்கிடாத எதையாவது வளர்ப்போமேன்னு…"

"அல்லியும் மத்தியானமானா தூங்கிடுது" என்றாள் மனைவி.

அம்மாள் தொட்டியருகே குனிந்தார். ஊதா நிற அல்லி. இதழ்களின் விளிம்பு முழுவதும் நுணுக்கமாகப் பல் பல்லாக வெட்டியிருந்தது. யாரோ பொறுமையாக உட்கார்ந்து லேஸ் வைத்துத் தைத்ததுபோல.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பேராசிரியர் அந்த மௌனத்தை ரசித்தார். அவர் எதிரில் இத்தனை நேரம் விழித்துக்கொண்டு மௌனமாக இருந்தவர்கள் அவர் அனுபவத்தில் இல்லை.

"இந்த மாதிரி நான் பார்த்ததில்ல" என்றார் அம்மாள் கடைசியில்.

மனைவி, கணவரின் முழங்கையைக் கிள்ளினாள்.

"அதுலயும் ஒரு விசேஷம் மேடம்" என்று அவர் வகுப்பெடுக்கும் குரலுக்கு மாறினார். "பூத்த அன்னிக்கு விளிம்பு மொழுமொழுன்னுதான் இருக்கும். கூச்சம்! ரெண்டாம் நாள் லேசா லேஸ் வரும். மூணாம் நாள்தான் முழு அழகும். இந்தக் குணம் தாய்ச் செடிக்கும் இல்ல, தகப்பனுக்கும் இல்ல."

"ஒரு ராத்திரி கழிஞ்சா கொஞ்சம் கூடுது, இல்லையா?"

"கரெக்ட்!"

அம்மாளின் பார்வை பக்கத்துத் தொட்டிக்குப் போனது. அங்கே ஒரு பூவுக்குத் துணிப்பை கட்டியிருந்தது.

"அது?"

"அதே செடிதான். கலப்புக்காகக் கட்டினது. மொட்டா இருக்கும்போதே பை போட்டுடுவேன். பூத்த அன்னிக்கு மட்டும் பிரிச்சு, மகரந்தத்த வெச்சு, உடனே மூடிடுவேன். இல்லன்னா கண்ட பூச்சியும் உள்ள பூந்து என் வேலையக் கெடுத்துடும்."

"பூத்து எத்தனை நாளாச்சு?"

"இன்னிக்கு மூணாம் நாள்."

"பிரிங்க, பார்ப்போம்."

பிரித்தார். விளிம்பு மொழுமொழுவென்று இருந்தது.

"பைக்குள்ள வெளிச்சம் பத்தலன்னு நினைக்கிறேன்…" என்று இழுத்தார் பேராசிரியர்.

அம்மாள் கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். லேஸ் வைத்த பூவின் ஓர் இதழை விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை அவரிடம் நீட்டினார்.

"நீங்களே பாருங்க சார். இது உங்க டிபார்ட்மெண்ட்."

இதழின் அதே ஊதா நிறத்தில், நூல் துண்டு அளவில் ஒரு புழு. அது விளிம்பை ஒரு கடி கடித்தது, கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி கடித்தது. தையல்காரர்கூட அவ்வளவு சீராகச் செய்யமாட்டார்.

"என்னங்க அது?"

"புழு."

"புழுவா? அப்ப பதிவு?"

"பூச்சி கடிச்ச பூவப் பதிய முடியாதும்மா" என்றார் அம்மாள், இதமாக.

"அப்ப என் பேரு? என் தங்கச்சிங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

பேராசிரியர் இன்னும் கிட்டக் குனிந்தார். பூச்சிப் பாடம் நடத்தியே ஓய்வூதியம் வாங்குகிற ஆள், சொந்த மாடியில் பூச்சி கடித்ததைப் பூவின் அழகென்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறார். அந்தத் தவளைகள் பாட்டிலுக்குள் இருந்து சிரிப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. ஆனாலும் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"இன்னும் அதுல என்ன பார்வை வேண்டிக் கெடக்கு?" என்று சொல்லிவிட்டு மனைவி படியிறங்கிப் போனாள்.

பூ பதிவாகவில்லை. புழுவைப் பொறுக்கி எடுத்துவிட்டால் அது எந்த நர்சரியிலும் கிடைக்கிற சாதாரண ஊதா அல்லிதான் என்று தெரிந்தது. சங்கத்து அம்மாள் பொறுப்பிலிருந்து விலகி மகனோடு இருக்கப் போய்விட்டார். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது, அவள் வீட்டில் செடி என்று ஒன்றுகூடக் கிடையாது. மனைவி இன்றுவரை தங்கைகளின் போனை எடுப்பதில்லை. பேராசிரியர் இப்போதும் மாடியில் அல்லி வளர்க்கிறார், புழுவுக்குத் தீனியாக. அது உலகத்தில் அதுவரை யாரும் கண்டிராத புது இனம் என்று நிரூபணமாகி, பெயர் வைக்கும் உரிமை அவருக்கே கிடைத்ததால், மனைவிக்குக் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றிவிட்டார்.