இடது கண்

வலது கண்ணால் பார்த்தால் அவன் மூக்கில் பஞ்சு இருந்தது.

இடது கண்ணால் பார்த்தால் தூங்கினான்.

அவள் மாற்றி மாற்றி மூடித் திறந்தாள்.

வலது கண்ணுக்கு எதுவும் தப்பவில்லை. தம்பியின் நெற்றியில் போட்ட தையல். தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி. ஐஸ் பெட்டியின் மூடிமேல் ஊர்ந்த ஈ. அதன் கால்கள்கூட.

ஈயின் கால்களை அவள் அதுவரை பார்த்ததில்லை.

இடது கண்ணில் மூடி இல்லை, ஈ இல்லை. வெள்ளையும் மஞ்சளுமாக நீளமாய் ஏதோ படுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டுக் கிடக்கிற தம்பி இசக்கி.

"கைய எடுட்டி." அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "கண்ணுகிட்ட கை போவக் கூடாதுன்னு சொன்னாங்கல்லா."

போன மாதம் கண்ணைக் காட்டப் போனபோது, லேசர் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பவர் மிக அதிகம். கருவிழியோ மெல்லிசு, செதுக்க இடமில்லை. அதை விட்டுவிட்டு, கண்ணுக்குள்ளேயே ஒரு லென்ஸை வைத்துவிடலாம். முதலில் வலது. ஒரு வாரம் விட்டு இடது.

"இத்தன நாளா சோடாபுட்டி வெளிய இருந்துச்சி," என்று சொல்லிக்கொண்டே தம்பி பைக்கை உதைத்தான். "இனிமே உள்ள இருக்கப் போவுது. அதுக்கு எதுக்கு இவ்வளவு அலைச்சல்?"

வலது கண் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவள் பழைய கண்ணாடியை வாங்கி, அதன் வலப்பக்கச் சில்லைக் கழற்றினான். வெறும் வளையத்துக்குள் விரலை விட்டு ஆட்டினான்.

"யக்கா, இது எத்தன?"

"போலே மூதி."

அதைப் போட்டால் தலை சுற்றியது. கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். ஒரு வாரந்தானே.

சொட்டு மருந்து தீரப்போகிறது என்று சொன்னது அவள்தான். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அம்மா. கண்ணு விஷயம் என்று அவன் வண்டியை எடுத்தான்.

புறவழிச் சாலையில் லாரி.

மருந்துக் குப்பி உடையவில்லை. சட்டைப் பையில் இருந்ததாம். செல்போனோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் போலீஸ்காரர் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா குப்பியின் மூடியைத் திருகினாள்.

பெட்டிக்குப் பக்கத்திலேயே அவள் தலையை மடியில் சாய்த்தாள். கீழிமையை இழுத்து ஒரு சொட்டு விட்டாள். மருந்து கண்ணில் நிறைந்து கன்னத்தில் வழிந்தது.

"இப்பமாவது அழுதாளே," என்றாள் வாசல் பக்கம் இருந்த பெரியம்மா.

அம்மா குப்பியை மூடி இடுப்பில் செருகினாள்.

அழுகை முட்டியபோதெல்லாம் அம்மா அவள் இரண்டு கைகளையும் இறுக்கிக்கொண்டாள்.

"அழாத. கசக்கிருவ. ஒண்ணு போச்சு. கண்ணையாவது வச்சிக்க."

அம்மாவும் அழவில்லை. அவள் கைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறவள் எப்படி அழ?

தூக்கினார்கள். அவள் வீட்டு நடையில் நின்று பார்த்தாள். முன்பென்றால், கண்ணாடி இல்லாமல், வாசல் தாண்டியதுமே அவன் மறைந்திருப்பான். இப்போது தெருமுனை வரை தெரிந்தான். திரும்பும்போது அவன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது வரை தெரிந்தது.

பெண்கள் குளிக்கப் போனார்கள். அம்மா அவளுக்குக் கழுத்துக்குக் கீழே மட்டும் தண்ணீர் ஊற்றினாள். தலையை ஈரத்துணியால் துடைத்தாள்.

"தலைக்கு ஊத்தாம தீட்டு எப்படிப் போவும்?" என்றாள் பெரியம்மா.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்க்கா."

"அடுத்த கண்ணையாவது தள்ளிப் போடு. துட்டி வீட்டுலருந்தா ஆஸ்பத்திரிக்குப் போவாக?"

அம்மா துணியைப் பிழிந்தாள்.

"அவன் பாதி வேலய முடிச்சிட்டுப் போயிட்டான். மீதிய நான்லா பாக்கணும்."

வீடு காலியானது. மறுநாள் போக வேண்டும். அம்மா பையை எடுத்து வைத்துவிட்டாள். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். வருகிறோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். போன் பக்கத்தில் கிடந்தது.

எதிரே, கதவை ஒட்டிய ஆணியில் தம்பியின் நீலச் சட்டை தொங்கியது. காலர் நைந்திருந்தது. இரண்டாவது பொத்தான் வேறு நிறம். மடக்கிய கை மடக்கியபடியே இருந்தது.

அவள் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள்.

கதவருகே அவன் நின்றுகொண்டிருந்தான்.

நாளைக்கு இந்தக் கண்ணிலும் அது சட்டையாகிவிடும்.

போன் அடித்தது.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். போனை எடுக்கத்தான் வந்திருப்பாள். பாதி வழியில் நின்றாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பினாள்.

கிட்டே போய் அவன் தோளைத் தொட்டாள். அவன் மார்பில் முகத்தை வைத்தாள்.

அவன் விலகவில்லை. மற்ற நாளாக இருந்தால் விலகியிருப்பான்.

அம்மாவின் முதுகு குலுங்கத் தொடங்கியது.

போன் நின்றது. மறுபடி அடித்தது.

அவள் கண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை.